27 வயதில் ரெட்டினா லேசர்: சுகர் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு

எனக்கு டைப் 1 சுகர், அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. 13 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன், இப்போது 28 நடக்கிறது. போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, மதுரைக்கு ஓடி, இரண்டு கண்ணிலும் ரெட்டினாவில் (விழித்திரையில்) லேசர் வைத்து, ஒரு கண்ணுக்குள் ஊசியும் போட்டு, ஒரு வழியாக இப்போதுதான் நிதானத்துக்கு வந்திருக்கிறேன். அந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் போனில் தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இல்லையென்றால் கேரட் சாப்பிடுங்கள் கீரை சாப்பிடுங்கள் என்கிற மாதிரி. கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற, கல்யாணப் பேச்சு நடக்கிற, லீவு கேட்கக் கூச்சப்படுகிற வயதில் இருக்கும் ஒருத்திக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். எட்டாவது படிக்கும்போது ஒரே வாரத்தில் மெலிந்து, தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, கடைசியில் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த குழந்தைகள் டாக்டர் நல்லவர், அப்பாவை உட்கார வைத்து ஊசி போடுவது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் "அஞ்சு வருஷம் போனா வருஷா வருஷம் கண்ணும் கிட்னியும் பார்த்துக்கணும்" என்று ஒரு வரி சொன்னாராம். அப்பாவுக்கு அது பாதி ஞாபகம், எனக்கு அது சுத்தமாகத் தெரியாது. ஐந்து வருஷம் போனபோது எனக்கு 18, கல்லூரியில் சேர்ந்தாயிற்று, குழந்தைகள் டாக்டரிடம் இனி வர வேண்டாம் பெரியவர்கள் டாக்டரிடம் போ என்று சொல்லியாயிற்று. புது டாக்டரிடம் போனால் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம், சுகர் எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட், அடுத்த ஆள் வரலாம். கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியவர் யார் என்பதே அந்த மாற்றத்தில் காணாமல் போய்விட்டது. எனக்குத் தெரிந்த டைப் 1 பிள்ளைகள் நிறையப் பேருக்கு இதே 18, 19 வயதில்தான் எல்லாம் விட்டுப்போகிறது.

விதி என்னவென்று இப்போது தெரியும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைப் 1 என்றால், சுகர் வந்து மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள், வயது 11 தாண்டியிருந்தால், முதல் ரெட்டினா பரிசோதனை. டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருகிற வகை) என்றால் அஞ்சு வருஷமெல்லாம் கிடையாது, சுகர் என்று தெரிந்த உடனேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது தெரிய வருவதற்கு முன்பே சில வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்திருக்கலாம். இப்போது 25 வயதில் டைப் 2 வருகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு பொதுவாக வருஷத்துக்கு ஒரு முறை. ஒன்றுமே இல்லை, சுகரும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் டாக்டரே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுவார், ஏற்கெனவே கசிவு இருந்தால் குறைப்பார். அதை அவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும். எங்கள் அப்பத்தாவுக்கும் சுகர். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச கண் முகாம் என்று தண்டோரா போடாத குறையாக ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள், நான்தான் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசை பெரிதாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் வந்ததும் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து என் இன்சுலின் பேனாவை எடுத்து, சுடிதாரை லேசாகத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுவிட்டு, கொண்டுபோன தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். எதிரே தன்னார்வலர்கள் இரண்டு பேர், சீட்டு எழுதுகிற அக்கா, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "பாட்டிக்கு சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். உனக்கு எத்தனை வருஷமாக இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்பத்தா மட்டும் "ஏத்தா, ஒனக்கும் ஒரு தடவ பாக்கச் சொல்லவா?" என்று கேட்டது. சீட்டு எழுதுகிற அக்கா சிரித்துக்கொண்டே, "இது புரை பார்க்கிற முகாம் பாட்டி, சின்னப் பிள்ளைக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது 22 இருக்கும். மதுரை டாக்டர் சொன்ன கணக்குப்படி, கண்ணுக்குள் பாதிப்பு தொடங்கியிருந்த காலம் அது.

இதற்கு நடுவே நான் கண்ணே பார்க்காமல் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. கண்ணாடிக் கடையில் பார்த்திருக்கிறேன். சின்னப் பவர் உண்டு, அதை மாற்றும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் தாடையை வைக்கச் சொல்லி, அப்புறம் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கடைசி வரி வரை படித்ததும் "சூப்பர், கண்ணு நல்லா இருக்கு" என்பார்கள். சுகர் இருக்கிறது என்று ஒரு முறை சொன்னேன், "பவர் மாறலையே, பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பவர் பார்ப்பது கண்ணின் முன்பக்கத்து வேலை. சுகர் கைவைப்பது கண்ணின் பின்சுவரில் இருக்கும் ரெட்டினாவில், அதாவது விழித்திரையில். அங்கே இருக்கும் மயிரிழை ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் சர்க்கரையில் ஊறி, முதலில் சின்னச் சின்னதாகப் புடைக்கும், கசியும், அப்புறம் சில இடங்களில் அடைத்தே போகும். ரத்தம் கிடைக்காத விழித்திரை ஒரு வேதிப்பொருளை அனுப்பிப் புதுக் குழாய்களை வளர்க்கும். அந்தப் புதுக் குழாய்கள் ஆனியில் முளைத்த கீரைத்தண்டு மாதிரி வலுவே இல்லாதவை, எப்போது வேண்டுமானாலும் ஒடிந்து கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியில் ரத்தத்தைக் கொட்டும். இவ்வளவும் நடக்கும்போது வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நடுப்பகுதி பாதிக்கப்படாத வரை எழுத்துப் பலகையின் கடைசி வரியும் தெளிவாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆகவே யாராவது "கண்ணு பார்த்துட்டேன்" என்று சொன்னால் நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, அப்புறம் உள்ளே பார்த்தார்களா, அல்லது கேமராவில் ரெட்டினா படம் எடுத்தார்களா? இரண்டும் இல்லையென்றால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு பலகாரக் கடையில், ஆர்டர் நோட்டும் கணக்கும் என் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தின மாதம் என்றால் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் வரைக்கும் பார்சல் போகும், சாப்பிடவே நேரம் இருக்காது. ஒரு காலை நோட்டைப் பிரித்தபோது இடது கண்ணில் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. துடைத்தேன், போகவில்லை. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நின்றதால் கரி பட்டிருக்கும் என்று நினைத்துக் கழுவினேன். எங்கள் கடை இருப்பது பழைய செட்டியார் வீட்டின் முன்கட்டு, சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய பழைய சுண்ணாம்புப் பூச்சு, இன்னும் பளபளவென்று இருக்கும். அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது தெரிந்தது, நூல் ஒன்றில்லை, கொத்தாக. கண்ணை அசைத்தால் அதுவும் கூடவே அசைந்து, நிறுத்தினால் கொஞ்சம் தாமதித்து நின்றது. சாயங்காலம் அது புகை மாதிரிப் பரவி, ஓரத்தில் லேசாகச் செம்மண் நிறம் வந்துவிட்டது. வலி மட்டும் துளி கூட இல்லை.

உள்ளூரில் ஒரு டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு கண் வறட்சி, கம்ப்யூட்டர் அதிகம் பார்க்கிறீர்கள் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சுகர் இருப்பதைச் சொன்னேன், அதற்குத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளுக்கு மேல் அந்தச் சொட்டு மருந்தோடு போனது, சீசன் வேறு, முதலாளியிடம் லீவு கேட்கவும் தயக்கம். நான் அப்படித் தாமதித்திருக்கக் கூடாது. திடீரென்று புதுப்புள்ளிகள், நூல்கள், புகை, மின்னல் வெட்டுவது போல வெளிச்சம், திரை விழுந்த மாதிரி ஓர் ஓரம் மறைவது, இதில் எது வந்தாலும் சுகர் இருப்பவர்கள் அன்றைக்கே ரெட்டினா பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டும். பொதுவான கண் டாக்டர் என்றாலும் போகலாம், ஆனால் சொட்டு மருந்து விட்டு உள்ளே பாருங்கள் என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

மதுரையில் முதல் நாள் காலையில் போனது, வெளியே வரும்போது இருட்டிவிட்டது. சொட்டு விட்டார்கள், கொஞ்ச நேரம் எரிந்தது, அப்புறம் கிட்டத்தில் இருப்பது எல்லாம் கலங்கியது. ஸ்கேன், படம், அப்புறம் கையில் மஞ்சள் மருந்து ஏற்றி ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் பரிசோதனை. அந்த மருந்து ஏறும்போது சில விநாடி குமட்டும், தோல் கொஞ்ச நேரம் மஞ்சளடிக்கும், சிறுநீர் மறுநாள் வரை ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ராத்திரி பாத்ரூமில் அப்படிப் பயந்திருக்க மாட்டேன். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளையாகப் பொங்கி நின்றன, கசிகிற இடங்கள். ரத்தம் கொட்டியது இடது கண்ணில்தான், ஆனால் வலது கண்ணிலும் புதுக் குழாய் வளர்ந்திருந்தது. "இது ஒரு நாள்ல வந்தது இல்லம்மா. இதுக்கு முன்னாடி ரெட்டினா எங்க பார்த்தீங்க?" என்றார். எங்கேயும் இல்லை சார் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை, "உங்க வயசுல வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தான் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு லேசருக்கு எழுதினார்.

இந்தத் திட்டு விஷயம் சின்னது போலத் தெரியும், ஆனால் என் வயதுக்காரர்கள் போகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பத்துக்கு மேல் இருக்கும்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கிடைப்பது பாட்டு. "இந்த வயசுலயேவா, வாயக் கட்ட மாட்டியா" என்று நர்ஸ் அக்கா நாலு பேர் முன்னால் கேட்டால், எனக்கு டைப் 1, வாயைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இது வந்திருக்கும் என்று விளக்கம் சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் இன்னொன்று உண்டு. பார்க்கிற இடத்தில் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருந்தால், அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தச் செய்தி பரிமாறப்படும். எங்கள் அம்மாவே "உள்ளூர்ல வேணாம், யாருக்கும் சொல்லாம மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றுதான் வருஷா வருஷம் சொல்லி, மதுரைக்குப் போக நாள் அமையாமலே தள்ளிப்போனது.

நம் ஊரில்தான் இப்படியா என்றால் அதுவும் இல்லையாம். இங்கிலாந்தில் சுகர் இருக்கிற எல்லோருக்கும் 12 வயதிலிருந்து அரசாங்கமே கடிதம் போட்டு அழைத்து, காசு வாங்காமல் ரெட்டினா படம் எடுக்கிறது. அதனாலும் நல்ல சிகிச்சையாலும், வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக் காரணங்களில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த சுகர் நோய், 2009-10 கணக்கெடுப்பில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. அப்படிப்பட்ட இடத்திலேயே, வராமல் போகிறவர்களில் 18 முதல் 34 வயதுக்காரர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். படிப்பு, வேலை, ஊர் மாற்றம், சொட்டு மருந்து விட்டால் அன்றைய பொழுது போய்விடும் என்ற சலிப்பு, கண் நன்றாகத்தானே தெரிகிறது என்ற நினைப்பு. காரைக்குடிக்கும் லண்டனுக்கும் இதில் வித்தியாசம் குறைவு. அங்கே கடிதமாவது வருகிறது, இங்கே நாமாகத்தான் தேதி குறித்துக்கொள்ள வேண்டும்.

லேசர் எப்படி இருக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: மரத்துப்போகும் சொட்டு விட்டு, தாடையை வைக்கச் சொல்லி, ஜெல் தடவிய ஒரு லென்ஸைக் கண் மேல் வைத்து, பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிப்பார்கள். சில புள்ளிகள் ஒன்றும் தெரியாது, சில புள்ளிகள் பிடரி வரைக்கும் சுருக்கென்று இழுக்கும். மொத்தம் ஒரு கண்ணுக்கு ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள், அதனால் பல தவணையாகப் பிரித்துத்தான் வைக்கிறார்கள். வலி தாங்காவிட்டால் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்தி வைப்பார்கள். இது போன பார்வையைத் திருப்பிக் கொடுக்கிற வைத்தியம் இல்லை, இருப்பதைக் காப்பாற்றுகிற வைத்தியம். 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்விலேயே கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று காட்டிவிட்டார்கள். அதற்கு விலையாக ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையும். எனக்குக் குறைந்திருக்கிறது. ராத்திரி ஸ்கூட்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன், கரண்டு போனால் வளவுப் படி இறங்கச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறேன். கண்ணுக்குள் போடும் ஊசி, கேட்கும்போது இருக்கிற பயத்தில் கால்வாசி கூட நிஜத்தில் இல்லை, ஓர் அழுத்தம் அவ்வளவுதான். மருந்துகளுக்குள் விலை வித்தியாசம் மிக அதிகம், புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப் மருந்தைச் சின்ன அளவாகப் பிரித்துப் போடுவது மலிவு, மற்றவை பல மடங்கு. எது போடுகிறீர்கள், எனக்கு மலிவானது சரிப்படுமா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

காசு. முதல் நாள் மட்டும் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குப் பக்கம். லேசர், ஊசி, திரும்பத் திரும்ப ஸ்கேன் என்று போய், பஸ் சாப்பாடு நீங்கலாக எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சீசன் நேரத்தில் லீவு என்பதால் சம்பளப் பிடித்தம் போக, தீபாவளி போனஸும் பாதிதான் வந்தது. அம்மாவின் வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற சாதாரணப் பரிசோதனை சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிற விஷயம், அரசு மருத்துவமனை என்றால் அதுவும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எதுவும் தொடங்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உங்கள் சிகிச்சையின் பெயரைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு போய் நின்றால் ஒன்றும் நடக்காது, நான் நின்று பார்த்தவள்.

இன்னொரு விஷயம், இது யாருமே சொல்லாதது. கண்ணில் இப்படி என்று தெரிந்ததும் பயத்தில் நான் சோற்றை நிறுத்தி, ஊசியைக் கூட்டி, ஒரே மாதத்தில் சுகரைத் தரையில் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். கண் டாக்டர்தான் பதறிப்போய், ரொம்ப நாளாக அதிகமாக இருந்த சுகரைத் திடீரென்று இறக்கினால் ரெட்டினா தற்காலிகமாக மோசமாகக் கூடும், சுகர் டாக்டரோடு பேசிப் படிப்படியாக இறக்கு என்றார். அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 13 முதல் 39 வயது வரையிலான 1,441 டைப் 1 ஆட்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 1993இல் வெளிவந்த ஆய்வில், சுகரைக் கறாராக வைத்தவர்களுக்குப் புதிதாகக் கண் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. அதிலும் ஆரம்ப மாதங்களில் சிலருக்குக் கொஞ்சம் கூடித்தான் அப்புறம் நன்மை தெரிந்தது. அதனால் புதிதாக உற்சாகம் வந்து கட்டுப்பாட்டில் இறங்குகிறவர்கள், இறங்குவதற்கு முன்னால் ஒரு முறை ரெட்டினாவைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்துக்கும் இதே கதைதான், அந்த நேரத்தில் கண் பாதிப்பு வேகம் எடுக்கக் கூடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஒரு முறை, பிறகு முதல் மூன்று மாதத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். கல்யாணப் பேச்சில் நகை எவ்வளவு, கார் உண்டா என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போகிற நாளுக்கு என்னென்ன தயார் செய்வது என்று சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை கலங்கும், பேனாவின் டயலில் இருக்கும் எண் தெரியவே தெரியாது. மத்தியான ஊசிக்கு நான் பேனாவைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஆறா எட்டா என்று முழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தாவின் மகளிடம், "அக்கா இதுல எட்டு இருக்கான்னு பாருங்க" என்று கேட்டுப் போட்டுக்கொண்டேன். பெரும்பாலான பேனாக்களில் பூஜ்ஜியத்திலிருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிளிக் கேட்கும், அதை எண்ணப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், இருந்தாலும் இன்னொருவர் கண்ணால் சரிபார்ப்பதே நல்லது. குளுக்கோமீட்டர் எண்ணும் அப்படித்தான். காத்திருப்பு எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் சர்க்கரை இறங்கினால் சாப்பிடக் குளுக்கோஸும், வயிற்றுக்கு ஏதாவது சாப்பாடும் பையிலேயே இருக்கட்டும். கவுன்டரில் பதியும்போதே "சுகர் இருக்கு, ரெட்டினா பார்க்கணும்" என்று சொன்னால்தான் சரியான வரிசையில் விடுவார்கள், சும்மா கண் செக்கப் என்றால் கண்ணாடி வரிசைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் சுகர் டாக்டரிடம் ரெட்டினா கேமரா இருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்ன வயதுக்காரர்களுக்குக் கண்பாப்பா பெரிதாக இருப்பதால் பல நேரம் சொட்டு இல்லாமலே படம் தெளிவாக விழும், லீவு போடாமல் முடிந்துவிடும். முடிவை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் எழுதி வாங்குங்கள். எந்த நிலை, நடுப்பகுதியில் வீக்கம் உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் ஒப்பிட உதவும். அதோடு சிறுநீரில் புரதமும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள், கண்ணில் குழாய் கெடும்போது கிட்னியிலும் அது நடந்துகொண்டிருக்கலாம்.

துணைக்கு ஆள் இருந்தால்தான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், எனக்குத் துணை கிடைக்காமலே ஒரு வருஷம் போயிருக்கிறது. நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் போக வேண்டாம், பஸ் போதும். கறுப்புக் கண்ணாடி, இல்லையென்றால் தொப்பி. ஓபி சீட்டு எண், வீட்டு போன் எண் இரண்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் கையால் எழுதி இருக்கட்டும், ஏனென்றால் போன் திரை படிக்க முடியாது, பணம் அனுப்பும்போது ஒரு பூஜ்ஜியம் கூடிவிடும், சில்லறை நோட்டாக வைத்துக்கொள்வது உத்தமம். காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், காலையில் மதுரைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் வெயில் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும், பஸ்ஸில் கண் அவ்வளவாகக் கூசாது. கூசுவது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில்தான். போர்டு தெரியவில்லை என்றால் அலைய வேண்டாம், மேலூர் திருப்பத்தூர் காரைக்குடி என்று கண்டக்டர் கூவுகிற பக்கம் போய் ஏறிக்கொள்ளுங்கள்.